செல்ஃப் சத்தம் எது, எஞ்சின் சத்தம் எது?

பைக் ஸ்டார்ட் ஆகும்போது நம் காதில் விழுவது இரண்டு சத்தங்கள். முதலாவது, வெளியிலிருந்து யாரோ எஞ்சினைச் சுற்றுவதால் வருவது. அந்த 'யாரோ' கிக்கரை மிதிக்கும் காலாக இருக்கலாம். பட்டனை அழுத்தியதும் சுழலும் செல்ஃப் மோட்டாராகவும் இருக்கலாம். இரண்டாவது, எஞ்சின் சொந்த நெருப்பில் ஓடத் தொடங்கிய பிறகு சைலன்சர் வழியாக வருவது. பெரும்பாலும் ஒரு வினாடிக்குள் இரண்டும் நடந்து முடிந்துவிடுவதால் ஒரே சத்தமாகத் தோன்றுகிறது. இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால், காலையில் வண்டி கிளம்ப மறுக்கும்போது மெக்கானிக்கிடம் "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்ல வேண்டியதில்லை. "செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை" என்று சொல்லலாம். அதைக் கேட்டதும் மெக்கானிக் பேட்டரிப் பக்கம் போகாமல் நேராக ஸ்பார்க் பிளக்கைக் கழற்றப் போவார்.

எஞ்சினை ஏன் வெளியிலிருந்து சுற்ற வேண்டும்? மின்விசிறிக்கு மின்சாரம் கொடுத்ததும் அது சுழல்கிறது. பெட்ரோல் எஞ்சின் அப்படியில்லை. அது ஒரு முறை வெடிக்க வேண்டுமானால், காற்றையும் பெட்ரோலையும் முன்பே உள்ளே இழுத்து, இறுக்கி வைத்திருக்க வேண்டும். இழுக்கவும் இறுக்கவும் சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் நகர வேண்டும். பிஸ்டன் நகர வெடிப்பு வேண்டும். இந்தச் சிக்கலை உடைக்கத்தான் முதல் சில சுற்றுகளை நாம் கடனாகத் தருகிறோம். எஞ்சின் பிடித்ததும் அடுத்த சுற்றுக்கு வேண்டிய விசையை அதுவே ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரத்தில் சேமித்துக்கொள்கிறது.

இன்று சாலையில் ஓடும் பைக்குகள் ஏறக்குறைய எல்லாமே நான்கு ஸ்ட்ரோக் வகை. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும். மேலே ஏறும்போது அவை இறுகும். பிளக் பொறி விட்டதும் வெடித்து பிஸ்டனைக் கீழே தள்ளும். மறுபடி ஏறும்போது எரிந்த புகை வெளியேறும். ஆக, பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒரே ஒரு வெடிப்பு. ஸ்டார்ட் செய்யும் வேலையின் பாரத்தில் பெரும்பகுதி இந்த நான்கில் இரண்டாவது கட்டத்தில்தான், மெக்கானிக்குகள் 'கம்ப்ரஷன்' என்று சொல்லும் அந்த இறுக்கத்தில்தான் இருக்கிறது.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். தொடக்கத்தில் எளிதாக இறங்கும். முடிவை நெருங்க நெருங்க உள்ளிருக்கும் காற்று கையைத் திருப்பித் தள்ளும். சிலிண்டருக்குள்ளும் இதுதான் நடக்கிறது. சிறிய பைக்குகளில் உள்ளே வந்த கலவை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படுகிறது. டயரில் நாம் அடைக்கும் காற்று சுமார் 30 பி.எஸ்.ஐ. என்றால், நல்ல நிலையில் உள்ள எஞ்சினைச் சுற்றும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிவிடும். பழைய 350 சி.சி. புல்லட்டின் பிஸ்டன் 70 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதன் தலைமேல் இந்த அழுத்தம் இறங்கினால் இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட விசையாகும். ஃப்ளைவீல் சேர்த்துவைக்கும் வேகம் மட்டும் இல்லையென்றால் மனிதக் காலால் இதைக் கடப்பது மிகவும் கடினம்.

செல்ஃப் பட்டனை அழுத்தும்போது வரும் சத்தத்தின் தாளம் இங்கிருந்துதான் பிறக்கிறது. மோட்டார் ஒரே சீராகச் சுற்றினால் ஒரே சீரான 'ர்ர்ர்ர்' மட்டும்தான் கேட்க வேண்டும். ஆனால் கம்ப்ரஷன் வரும்போதெல்லாம் மோட்டார் திணறும், அது கடந்ததும் விடுபட்டு ஓடும். 'ர்ர்ரூம்… ர்ர்ரூம்… ர்ர்ரூம்' என்று கேட்பதில் ஒவ்வொரு அமுங்கலும் ஒரு கம்ப்ரஷன். செல்ஃப் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்கு 400 சுற்று வேகத்தில் சுற்றுவதாக வைத்துக்கொண்டால், ஒற்றைச் சிலிண்டரில் நிமிடத்துக்கு 200 அமுங்கல்கள், அதாவது வினாடிக்கு மூன்றுக்குச் சற்று மேல். இதைக் கண்ணாலும் பார்க்கலாம். இருட்டில் ஸ்டார்ட் செய்யும்போது நியூட்ரல் விளக்கைக் கவனியுங்கள். அதே தாளத்தில் மங்கி மங்கி ஒளிரும். மோட்டார் திணறும் கணத்தில் பேட்டரியிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது, வோல்ட் இறங்குகிறது, விளக்கு மங்குகிறது.

சிலிண்டர்கள் கூடக் கூட இந்தத் தாளம் மாறும். ராயல் என்ஃபீல்டின் 650 சி.சி. இரட்டைச் சிலிண்டர் எஞ்சினில் இரண்டு வெடிப்புகளுக்கு இடையே ஒரு முறை 270 பாகை, அடுத்த முறை 450 பாகை இடைவெளி என்பதால் தாளம் சற்று நொண்டும். நான்கு சிலிண்டர் பைக்குகளில் அரைச் சுற்றுக்கு ஒரு கம்ப்ரஷன் வந்துகொண்டே இருக்கும். அமுங்கல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சீரான ரீங்காரமாகிவிடும். நம் ஊர்ச் சாலைகளில் ஒற்றைச் சிலிண்டர்தான் அதிகம் என்பதால் அதோடு நிற்போம்.

புல்லட்டை மிதிப்பது

கம்ப்ரஷனை உடம்பால் புரிந்துகொள்ள வேண்டுமானால் பழைய புல்லட்டைவிட நல்ல ஆசிரியர் இல்லை. இங்கிலாந்து நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் உருவாக்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூர் ஆலையில் செய்த வண்டி அது. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 346 சி.சி. பெரிய பிஸ்டன், கனமான ஃப்ளைவீல், செல்ஃப் கிடையாது. "ஒரே கிக்கில் எடுப்பேன்" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அதில் தொடை வலிமைக்குப் பெரிய பங்கு இல்லை. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று அறிந்து மிதிப்பதுதான் அதன் சூட்சுமம்.

முறை இதுதான். சாவியைப் போட்டுவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே ஹெட்லைட் மேலுள்ள ஆம்ப் மீட்டரைப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் 'பாயின்ட்' என்ற தொடுப்பு மூடியிருக்கும்போது, பொறிக்கான மின்சாரத்தைத் தரும் இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் போவதால் முள் கழித்தல் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் முள் நடுவுக்கு வந்துவிடும். பாயின்ட் திறக்கும் கணம்தான் பிளக் பொறி விடும் கணம். எனவே முள் நடுவுக்கு வந்தால், பிஸ்டன் கம்ப்ரஷன் முடிந்து உச்சியை ஒட்டி நிற்கிறது என்று பொருள். அங்கே டிகம்ப்ரஸர் லிவரை இழுத்தால் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு லேசாகத் திறந்து, சிறைப்பட்ட காற்று 'ஸ்ஸ்' என்று வெளியேறும். கிக்கரை இன்னும் கொஞ்சம் அழுத்தி பிஸ்டனை உச்சி தாண்டச் செய்துவிட்டு, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் கடைசி வரை மிதிக்க வேண்டும்.

உச்சிக்குச் சற்று அப்பால் நிறுத்துவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அடுத்த கம்ப்ரஷன் வரக் கிட்டத்தட்ட இரண்டு முழுச் சுற்றுகள் இருக்கின்றன. அந்தத் தூரம் முழுவதும் ஃப்ளைவீல் தடையில்லாமல் வேகம் பிடிக்கும். அந்த வேகத்தோடு போய் கம்ப்ரஷனை முட்டும்போது அதைக் கடந்துவிடும். தவறான இடத்திலிருந்து மிதித்தால் கால் இறங்கத் தொடங்கியதுமே கம்ப்ரஷன் சுவர் எதிரே நிற்கும்; கிக்கர் பாதியில் நின்றுவிடும்.

அதைவிட மோசமானது கிக்கர் திருப்பி அடிப்பது. பிஸ்டன் உச்சியை அடையச் சற்று முன்பே பிளக் பொறி விடும்படிதான் எஞ்சின்களை அமைக்கிறார்கள். எரிவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பதால் இந்த ஏற்பாடு. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது வெடிப்பின் அழுத்தம் முழுமையடைவதற்குள் பிஸ்டன் உச்சியைத் தாண்டியிருக்கும். அரை மனதாக மிதித்தால் பிஸ்டன் ஊர்ந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிப்பு அதைப் பின்னோக்கி உதைக்கும். கிக்கர் மேல்நோக்கி எகிறிக் கெண்டைக்காலைப் பதம் பார்க்கும். 'டக்' என்ற ஒரு வறண்ட சத்தம், அதையடுத்து மிதித்தவரின் முனகல். பொறி விடும் நேரம், அதாவது டைமிங், அதிகமாக முன்னால் வைக்கப்பட்ட வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும்.

இன்றைய பைக்குகள் பலவற்றில் டிகம்ப்ரஸர், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டிலேயே ஒளிந்திருக்கிறது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்வரை ஒரு சிறு நெம்பு எக்ஸாஸ்ட் வால்வை இம்மியளவு தூக்கிப் பிடிக்கும். வேகம் ஏறியதும் சுழற்சியின் விசையால் எடைத் துண்டு விலகி, வால்வு முழுதாக மூடிக்கொள்ளும். யாரும் எதையும் இழுக்க வேண்டியதில்லை.

டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தப் பாடு எதுவும் இல்லை. 1985இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ்.100இல் 98 சி.சி.தான்; கேம்ஷாஃப்ட் திறக்கும் வால்வும் இல்லை, அந்த வால்வைத் தள்ளும் டேப்பெட்டும் இல்லை; ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. கையாலேயே கிக்கரைத் தள்ளி ஸ்டார்ட் செய்து காட்டுபவர்கள் உண்டு. எஸ்டி, ஜாவா வண்டிகளில் கிக்கரும் கியர் லிவரும் ஒன்றே என்பதைப் பார்த்திராதவர்களுக்குச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

பட்டனுக்குப் பின்னால்

1984இல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டரின் பட்டன் அப்போது பெரிய அதிசயம். இப்போது கிக்கரே இல்லாத பைக்குகள்தான் பெருகியிருக்கின்றன. பட்டனை அழுத்தினால் நடப்பது மூன்று படிகள், ஒவ்வொன்றுக்கும் தனிச் சத்தம்.

முதலில் 'டக்'. செல்ஃப் மோட்டார் பல பத்து ஆம்பியர் மின்சாரம் குடிக்கும். அத்தனையும் ஹேண்டில்பாரில் உள்ள சிறிய ஸ்விட்ச் வழியாகப் போனால் அது கருகிவிடும். எனவே பட்டன் ஒரு ரிலேயை மட்டும் இயக்குகிறது. ரிலேக்குள் உள்ள மின்காந்தம் ஒரு கனமான செம்புத் தொடுப்பை இழுத்து பேட்டரியையும் மோட்டாரையும் இணைக்கிறது. அந்தத் தொடுப்பு மோதும் சத்தம்தான் 'டக்'. நன்றாக இயங்கும் வண்டியில் அது மோட்டார் சத்தத்தில் மூழ்கிப்போகும். கோளாறு வந்தால்தான் தனியாகக் கேட்கும்.

அடுத்தது மோட்டாரின் விர்ரென்ற ஓட்டம். மோட்டார் சிறியது, வேகமாகச் சுழல்வது. பல்சக்கரங்கள் அந்த வேகத்தைக் குறைத்து விசையாக மாற்றி, ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் ஒன் வே கிளட்ச் வழியாகக் கிராங்குக்குத் தருகின்றன. மூன்றாவதாகக் கிராங்க் சுற்றுவதால் வரும் அந்த 'ர்ர்ரூம்' தாளம்.

இனி, கோளாறுகளைக் காதால் பிரிக்கலாம். பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லையா? பதறுவதற்கு முன் கில் ஸ்விட்சைப் பாருங்கள். யாரோ விளையாட்டாகத் தட்டிவிட்டிருப்பார்கள். பிறகு சைடு ஸ்டாண்ட், நியூட்ரல், கிளட்ச் லிவர், ஃப்யூஸ். இவற்றில் ஏதோ ஒன்று மின்சாரத்தை ரிலே வரை வரவிடவில்லை.

'டகடகடகடக' என்று வேகமாக அடித்துக்கொள்கிறதா? ரிலே பழுது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ரிலேயின் மேல் தவறில்லை, பேட்டரிதான் சோர்ந்துவிட்டது. நடப்பது இதுதான்: ரிலே இணைந்ததும் மோட்டார் மின்சாரத்தை உறிஞ்சுகிறது, பலவீனமான பேட்டரியின் வோல்ட் சட்டென்று சரிகிறது, ரிலேயின் காந்தத்தைப் பிடித்து வைக்கக்கூட அது போதவில்லை, தொடுப்பு விட்டுவிடுகிறது. மோட்டாரின் பாரம் நீங்கியதும் வோல்ட் மீண்டும் ஏறுகிறது, நீங்கள் இன்னும் பட்டனை அழுத்திக்கொண்டிருப்பதால் ரிலே மறுபடி இணைகிறது, மறுபடி சரிகிறது. வினாடிக்குப் பல முறை நடக்கும் இந்த இழுபறிதான் அந்தச் சத்தம். டிஜிட்டல் மீட்டர் உள்ள வண்டியென்றால் மீட்டர் அணைந்து, முதலிலிருந்து வணக்கம் சொல்லித் தொடங்கும். நல்ல 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 10 வோல்டுக்கும் கீழே வெகுவாக இறங்கினால் அதன் காலம் நெருங்கிவிட்டது. மாற்றுவதற்கு முன்பு டெர்மினல் நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா, வெள்ளைப் பூப்போலத் துரு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அங்கே தடை இருந்தாலும் இதே சத்தம்தான் வரும்.

ஒரே ஒரு 'டக்', அதற்குப் பிறகு அமைதி என்றால் பேட்டரியோடு ரிலேயின் தொடுப்பு முனைகளையும் மோட்டாரின் கார்பன் பிரஷ்களையும் சந்தேகிக்க வேண்டும். 'வீஈஈ' என்று மோட்டார் மட்டும் பாரமில்லாமல் ஓடி, எஞ்சின் அசையாமல் கிடந்தால் ஒன் வே கிளட்ச் வழுக்குகிறது. கிராங்க் சுற்றுகிறது, ஆனால் அமுங்கலே இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றுகிறது என்றால் கம்ப்ரஷன் இல்லை. வால்வு சரியாக மூடவில்லை என்பது முதல் சந்தேகம். டேப்பெட் இடைவெளி அறவே இல்லாமல் இறுகிப் போனாலும் இப்படி ஆகும்.

பட்டனில் விரலை ஐந்து வினாடிக்கு மேல் வைத்திருக்காதீர்கள். விட்டு, பத்துப் பதினைந்து வினாடி ஓய்வு கொடுத்து மீண்டும் முயலுங்கள். அந்த ஓய்வில் மோட்டார் சூடு தணியும், பேட்டரியும் சற்று மீளும். குளிர்ந்த காலையில் நியூட்ரலில் இருந்தாலும் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் கியர்பாக்ஸின் இறுகிய ஆயிலைச் சுழற்றும் வேலை மிச்சம்.

எஞ்சின் பிடிக்கும் கணம்

தாளம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கிறது, நடுவில் ஒரு செருமல்கூட இல்லை என்றால் பொறி இல்லை அல்லது பெட்ரோல் இல்லை. இடையிடையே 'புஃப்' என்று செருமினால் இரண்டும் இருக்கின்றன, அளவுதான் பொருந்தவில்லை. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் கார்புரேட்டர் உள்ள வண்டியில் சோக் இழுப்பது இதற்காகத்தான். அளவுக்கு மீறிப் போய் பிளக் நனைந்துவிட்டால் சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாசனை அடிக்கும். அப்போது இழுத்த சோக்கைப் பழைய நிலைக்கே விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுதாகத் திறந்து சுற்றினால் காற்று உள்ளே போய் உலர்த்தும். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் சேர்ந்து சூட்டில் ஒன்றாகப் பற்றினால் 'டமார்' என்று ஒரு வெடி. தெருநாய்கள் சிதறி ஓடும். எஞ்சினுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது.

பிடித்துவிட்ட எஞ்சினின் சத்தம் எங்கிருந்து வருகிறது? வெடிப்பின் சத்தம் நேராகக் கேட்கிறது என்று நினைப்போம். வெடிப்பு நடக்கும்போது சிலிண்டர் இறுக மூடியிருக்கிறது. நாம் கேட்பதில் பெரும்பகுதி அதற்குப் பிந்தியது: எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது உள்ளே இன்னும் மிச்சமிருக்கும் அழுத்தம் குழாய்க்குள் ஒரே பாய்ச்சலாகப் பாய்கிறது. அந்த அழுத்த அலைதான் 'டப்'. சைலன்சரின் அறைகளும் துளைக் குழாய்களும் அதன் கூர்மையை மழுக்கித்தான் வெளியே விடுகின்றன.

புல்லட்டின் 'டப் டப்' தனித்தனியாகக் கேட்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் அது நிமிடத்துக்கு 900 சுற்றில் ஐடிலிங் ஆனால் வெடிப்புகள் 450, வினாடிக்கு ஏழரை. காதால் ஒவ்வொன்றாகப் பிரிக்க முடியும். 100 சி.சி. பைக் 1,400 சுற்றில் நிற்கும். வினாடிக்குப் பதினொன்று, பன்னிரண்டு வெடிப்புகள். ஏற்கெனவே நெருங்கிவிட்டன. டூ ஸ்ட்ரோக்கில் சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால் 1,300 சுற்றில்கூட வினாடிக்கு இருபதைத் தாண்டிவிடும். அந்த வேகத்தில் அடிகள் ஒன்றாகக் கலந்து ஒரு சுருதியாகக் கேட்கும். சைலன்சரைக் குடைந்தெடுத்துவிட்டு 'புல்லட் சத்தம்' வரவழைக்க முயல்பவர்களுக்கு உரக்க ஒலிக்கும் பைக் கிடைக்கும்; அந்தத் தாளம் கிடைக்காது. அது சைலன்சரைவிட ஃப்ளைவீலுக்கும் மெதுவான ஐடிலிங்குக்கும் சொந்தமானது.

ஸ்டார்ட் ஆனவுடன் மேலிருந்து 'டிக் டிக்' என்று டேப்பெட் சத்தம் சில வினாடி கேட்கலாம். இரவெல்லாம் கீழே வடிந்த ஆயில் மேலே ஏறி வரும் நேரம் அது. எஞ்சின் சூடான பிறகும் அது நிற்கவில்லையென்றால் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். பக்கவாட்டிலிருந்து சங்கிலி உராயும் 'சளசள' வந்தால் கேம்ஷாஃப்டைச் சுற்றும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்திருக்கலாம். இரண்டையும் கேட்க முதல் அரை நிமிடம் ஆக்ஸிலரேட்டரை முறுக்காமல் இருந்தாலே போதும். குளிர்ந்த எஞ்சினை உறுமவிடுவது கெட்ட பழக்கம் என்பதற்கு ஆயில் மட்டுமே போதுமான காரணம்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புகை மாசு விதிகள் வந்த பிறகு புதிய பைக்குகள் அனேகமாக எல்லாமே, கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூயல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டன. இவற்றில் செல்ஃபுக்கு முன்பே இன்னொரு சத்தம் சேர்ந்துவிட்டது. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள்ளிருந்து இரண்டு மூன்று வினாடி 'ஊஊம்' என்று ஒரு மெல்லிய ஓசை. அது பெட்ரோல் பம்பு குழாயில் அழுத்தம் ஏற்றுவது. அது நின்ற பிறகு பட்டனை அழுத்தினால் வண்டி சட்டென்று பிடிக்கும். அந்த ஓசையே வரவில்லையென்றால் செல்ஃபை எத்தனை முறை சுற்றியும் பயனில்லை. சோக் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்வதால், குளிரில் ஐடிலிங் முதலில் உயர்ந்து நின்று, சூடேறச் சூடேறத் தானாக இறங்கும். பேட்டரி அறவே செத்துவிட்டால் இத்தகைய வண்டிகள் பலவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் கடினம், பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டுமே.

இன்னும் ஒரு படி மேலே போய், ஹோண்டா ஆக்டிவா 6ஜி போன்றவற்றில் தனிச் செல்ஃப் மோட்டாரே கிடையாது. பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரே ஸ்டார்ட் செய்யும் நேரத்தில் மோட்டாராகிக் கிராங்கை நேரடியாகச் சுற்றுகிறது. இடையில் பல்சக்கரங்கள் இல்லாததால் அவற்றின் இரைச்சலும் இல்லை. இந்த வகை வண்டிகள் சில, கிராங்கை முதலில் சற்றுப் பின்னோக்கிச் சுழற்றி, பிறகு முன்னோக்கி ஓடவிட்டுக் கம்ப்ரஷனைத் தாண்டுகின்றன. புல்லட்காரர் ஆம்ப் மீட்டரைப் பார்த்துக் காலால் தேடிய ஓட்டத் தூரத்தை இங்கே கணினி தேடிக்கொள்கிறது. பல்சக்கர இரைச்சலை வைத்துக் கோளாறு சொல்லும் வித்தை இவற்றிடம் பலிக்காது. ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஹாரனை அடித்துப் பாருங்கள். குரல் கம்மியிருந்தால் பேட்டரியைக் கழற்றி வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள்.